ரிங்கு சிங் தோற்றுப் போனவர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில், ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்களைப் பற்றி ஒரு துணுக்கு வந்திருந்தது. அதில் ரிங்கு சிங்குக்கு மூன்று வரி ஒதுக்கியிருந்தீர்கள். போட்டியில் ஜெயித்து அமெரிக்கா போனார், பேஸ்பாலில் தோற்றுப் போனார், பிறகு டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தத்துக்குப் போனார், இவ்வளவுதான் விஷயம். முதல் வரியும் மூன்றாவது வரியும் சரி. நடுவில் இருக்கும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போதும் காலையில் மைதானத்துக்குப் போகிறேன், ஈட்டி எறியும் பிள்ளைகள் நாலைந்து பேர் வருவார்கள். திங்கட்கிழமை அவர்களில் ஒரு பெண், பிளஸ் ஒன் படிப்பவள், உங்கள் துணுக்கைக் கத்தரித்துக் கொண்டுவந்தாள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிற முறை அவளுடையது, ஈட்டிக்காரர் என்று பார்த்ததும் ஆசையாக வெட்டி வைத்திருக்கிறாள். வாசிப்பதற்கு முன்னால் என்னிடம் வந்து, "சார், அந்த அண்ணா தோத்துட்டாரா?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது, என்னால் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாளாக அந்தக் கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் பேரைச் சொன்னதும் பிள்ளைகள் எல்லாரும் கிரிக்கெட் ரிங்குவைத்தான் நினைக்கிறார்கள். 2023 ஏப்ரலில் அகமதாபாத்தில் கொல்கத்தா அணிக்காகக் கடைசி ஐந்து பந்தில் ஐந்து சிக்சர் அடித்தவர் அலிகாரைச் சேர்ந்த ரிங்கு சிங். நான் சொல்பவரும் உத்தரப் பிரதேசத்துக்காரர்தான், ஆனால் வேறு ஆள். பதோஹி மாவட்டம், கோபிகஞ்ச் பக்கம். 1988-ல் பிறந்தவர். அப்பா லாரி ஓட்டுநர், வீட்டில் ஒன்பது பிள்ளைகள். பள்ளியில் ஈட்டி எறிந்து, ஜூனியர் தேசிய அளவில் பதக்கம் வாங்கி, லக்னோவில் உள்ள விளையாட்டுக் கல்லூரிக்குப் போனவர்.

இதை எழுதும்போதே எனக்கு ஒன்று தோன்றுகிறது. 2008-ல் நம் நாட்டில் ஈட்டி எறிகிற ஒரு பையனுக்கு என்ன எதிர்காலம் இருந்தது? ராணுவம், ரயில்வே, போலீஸ், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. அதுவும் கிடைத்தால் உண்டு. நீரஜ் சோப்ரா டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியது 2021-ல். அதற்குப் பிறகுதான் ஈட்டி என்றால் என்னவென்று நம் ஊர்ப் பெற்றோர்களுக்கே தெரிந்தது. அதற்கு முன்னால் நான் ஒரு பிள்ளையின் வீட்டில் போய், உங்கள் மகன் நன்றாக எறிகிறான், விட்டுவிடாதீர்கள் என்று சொன்னால், எறிந்து என்ன சார் கிடைக்கும் என்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் என்னிடமும் இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்கிற அமெரிக்க விளையாட்டு ஏஜென்ட் இந்தியாவுக்கு வந்து 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று ஒரு போட்டி நடத்தினார். கிரிக்கெட் ஆடுகிற நாடு, வேகமாகப் பந்து போடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களில் ஒருவனைப் பேஸ்பால் பிட்சராக, அதாவது பந்து எறிகிறவராக, மாற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு. 37,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். வேகத்தை அளக்கிற கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக எறியச் சொன்னார்கள். கடைசியில் ஜெயித்தது கிரிக்கெட் பந்துவீச்சாளர் இல்லை. முதலில் வந்த ரிங்குவும் ஈட்டிக்காரர், இரண்டாவதாக வந்த தினேஷ் படேலும் ஈட்டிக்காரர், அவர் வாரணாசிப் பக்கம். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கிரிக்கெட்டில் கையை மடக்கி நீட்டி எறிந்தால் நோ-பால். சின்ன வயதிலிருந்தே மடக்காமல் போட்டுப் பழகிய தோளை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஈட்டிக்காரன் பழகுவதே முழங்கையை மேலே தூக்கி, இடுப்பை முன்னால் விட்டு, கையைக் கடைசியாகச் சாட்டை மாதிரி கொண்டுவருவது. பேஸ்பால் எறிவதற்கு அது பக்கத்து வீடு மாதிரி.

ரிங்கு இடது கைக்காரர். அவர் எறிந்தது மணிக்கு 87 மைல், நம் கணக்கில் 140 கிலோமீட்டர். பரிசு ஒரு லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 40 லட்சம் ரூபாய். 90 மைலுக்கு மேல் மூன்று ஸ்ட்ரைக், அதாவது அடிகாரர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் மூன்று பந்து, போட்டால் பத்து லட்சம் டாலர் என்று வைத்திருந்தார்கள், அதை யாரும் தொடவில்லை. 2008 மே மாதம் இருவரையும் லாஸ் ஏஞ்சலிசுக்குக் கூட்டிப் போனார்கள். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டாம் ஹவுஸ் என்கிற பயிற்சியாளர், அவரே பெரிய லீகில் பந்து எறிந்தவர், அவரிடம் விட்டார்கள். பேஸ்பால் கையுறையை அதுவரை மாட்டியதில்லை, ஆட்ட விதி தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. நவம்பரில் அரிசோனாவில் பெரிய அணிகளின் ஆட்கள் முன்னால் எறிந்து காட்டினார்கள். அதே மாதக் கடைசியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை அணியோடு பேஸ்பால் ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியர்கள் இவர்கள்தான்.

2014-ல் டிஸ்னி எடுத்த படம் இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. நம் ஏ.ஆர். ரஹ்மான் இசை என்பதால் நம்மூரிலும் நிறையப் பேர் பார்த்தார்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன். கையெழுத்துப் போட்டாயிற்று, எல்லாரும் கைதட்டுகிறார்கள், விளக்குப் போட்டுவிடுகிறார்கள். வெளியே வரும்போது பக்கத்தில் வந்தவர், "சரி, அப்புறம் என்ன ஆச்சாம்?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கினேன், அன்றிலிருந்து அவர் பெயர் எங்கே வந்தாலும் படிப்பது பழக்கமாகிவிட்டது.

அப்புறம் ஆனதுதான் அவருடைய ஆட்ட வாழ்க்கை. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் தேர்வு மட்டும்தான்.

நம் ஊரில் ஒரு பையன் ஐ.பி.எல். அணிக்குத் தேர்வானால் அடுத்த மாதமே டிவியில் வந்துவிடுவான். பேஸ்பாலில் அப்படி இல்லை. பெரிய அணி ஒவ்வொன்றுக்கும் கீழே ஏணிப்படி மாதிரி பல அணிகள். அடியில் ரூக்கி, அதற்கு மேல் குறுகிய கால ஏ, அப்புறம் கீழ் ஏ, மேல் ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ, அதற்கும் மேலேதான் டிவியில் பார்க்கிற மேஜர் லீக். ரிங்கு ஆடிய காலத்தில் இதுதான் அமைப்பு. கீழே இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மைனர் லீக் என்பது. இதில் ஏறுகிறவர்கள் எல்லாரும் அமெரிக்கப் பள்ளியில், கல்லூரியில், அல்லது டொமினிகன் குடியரசின் தெருக்களில் ஐந்து வயதிலிருந்து இதையே ஆடி வளர்ந்தவர்கள். அந்த வரிசையில் ஒரு வருடப் பழக்கத்தோடு நம் பதோஹிப் பையன் போய் நிற்கிறான். அதை நினைத்துப் பாருங்கள்.

2009-ல் ஃபுளோரிடாவில் பிரேடன்டன் என்ற ஊரில், பைரேட்ஸ் அணியின் பயிற்சி வளாகத்தில் இருக்கிற ரூக்கி அணியில் தொடங்கினார். அங்கே டிக்கெட் கிடையாது, கூட்டம் கிடையாது, மத்தியான வெயிலில் பயிற்சி மைதானத்திலேயே ஆட்டம். முதல் ஆட்டம் ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். பேஸ்பாலில் அணியின் வெற்றியையும் தோல்வியையும் ஒரு பிட்சர் பெயரில் எழுதுவார்கள். ஜூலை 13 அன்று அவர் பெயரில் ஒரு வெற்றி பதிவானது, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் இந்தியக் குடிமகன் ஒருவர் பெற்ற முதல் வெற்றி. அந்த வருடம் 11 ஆட்டம், ஒரு வெற்றி, இரண்டு தோல்வி, ஈ.ஆர்.ஏ. 5.84.

இந்த ஈ.ஆர்.ஏ. என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது புரிந்தால்தான் மிச்சக் கதை புரியும். ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்சுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார் என்பதுதான் அது. ஃபீல்டர் தவறால் போன ரன்னை அவர் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். கிரிக்கெட்டில் எகானமி மாதிரி, குறையக் குறைய நல்லது. 6-ஐ நெருங்கினால் மோசம். மூன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் எந்த மட்டத்திலும் நல்ல பிட்சர் என்பார்கள்.

முதல் வருடம் 5.84 வந்ததில் என்ன ஆச்சரியம்? ஈட்டியில் முப்பது மீட்டர் போல ஓடிவந்து, அந்த வேகத்தை எல்லாம் கைக்குக் கொடுத்து, மேல் நோக்கி ஒரே ஒரு எறி, ஒரு போட்டிக்கு ஆறு எறி. பேஸ்பாலில் ஓட்டமே இல்லை. கொஞ்சம் உயர்ந்த மண் மேட்டில் நின்ற இடத்திலிருந்து ஒரே எட்டு, 18.44 மீட்டர் தள்ளி ஒரு கையுறை, அதற்குள் விழ வேண்டும், கீழ் நோக்கி எறிய வேண்டும், பத்துப் பதினைந்து நொடியில் மறுபடி, மறுபடி, அதே மாதிரி. வேகம் மட்டும் இருந்தால் எதிரே நிற்கிற அடிகாரன் மூன்றாவது பந்தில் கணித்து அடித்துவிடுவான். வேகம் குறைத்துப் போட வேண்டும், வளைக்க வேண்டும், எல்லாம் ஒரே கை அசைவில் வருகிற மாதிரி மறைக்க வேண்டும். என்னிடம் நல்ல ஈட்டிக்காரன் ஒருவன் வந்து குண்டு எறிய ஆசைப்பட்டால், அடிப்படை வருவதற்கே ஒரு வருடம் ஆகும். இது அதைவிடத் தூரமான மாற்றம்.

தினேஷ் 2010 சீசன் முடிந்ததும் விடுவிக்கப்பட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். இரண்டு பேராகப் போனவர்கள், ஒருவர் திரும்பிவிட்டார். இன்னொருவர் தன் மொழி பேச ஆள் இல்லாத ஊரில் தனியாக இருக்கிறார். அந்த இடத்தில் பெட்டியைக் கட்டாமல் நின்றதே பெரிது என்று நான் நினைக்கிறேன்.

ரிங்கு பென்சில்வேனியாவில் ஸ்டேட் காலேஜ் என்ற ஊர் அணிக்கு ஏறினார். அமெரிக்காவில் செப்டம்பரில் சீசன் முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள், இவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் கான்பெரா கேவல்ரி அணிக்கு ஆடினார். 2010 நவம்பரில்தான் அந்த நாட்டு லீகைப் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள், அங்கே நம் கார்த்திகை, மார்கழி மாதங்கள்தான் கோடை. வெளிநாட்டில் ஆட வந்தவர், அங்கிருந்து இன்னொரு வெளிநாட்டுக்குப் போய் ஆடுகிறார், எதற்கு? மற்றவன் பதினைந்து வருடத்தில் எறிந்த பந்துகளின் எண்ணிக்கையை எப்படியாவது எட்டிப் பிடிக்க. 2011-ல் டொமினிகன் கோடைகால லீகில் தொடங்கி, ஸ்டேட் காலேஜ் போய், அதே வருடம் மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ்டன் நகர அணிக்கு, அதாவது கீழ் ஏ மட்டத்துக்கு, ஏறினார். ஒரே வருடத்தில் மூன்று மட்டம்.

அடுத்து 2012. இந்த வருடத்தைத்தான் உங்கள் துணுக்கு பார்க்கவே இல்லை. சார்ல்ஸ்டன் அணிக்காக 39 ஆட்டம், 72 இன்னிங்ஸ், மூன்று வெற்றி, ஒரே ஒரு தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.00. நான்கு வருடம் முன்னால் கையுறையே மாட்டாத ஆள், முழு நீள சீசனில், தெற்கு அட்லாண்டிக் லீகில், அங்கே இருந்த இளம் அடிகாரர்களுக்கு எதிராக, ஒன்பது இன்னிங்சுக்கு மூன்று ரன்தான் கொடுத்திருக்கிறார். ஆட்டத்தின் நடுவில் வந்து எறிகிற ரிலீஃப் பிட்சர் வேலை, இடது கை வேறு. இடது கை ரிலீஃப் பிட்சருக்குப் பேஸ்பாலில் எப்போதும் கிராக்கி உண்டு, எதிரணியின் இடது கை அடிகாரர்களை அடக்க ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். 24 வயதில் அந்த இடத்தில் நிற்பவனைப் பார்த்துத் தோற்றுப் போனவன் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்ல மாட்டார். அடுத்த படிக்குத் தயாராகிறான் என்றுதான் சொல்வார்.

இது எந்தச் சம்பளத்தில் நடந்தது என்றும் பாருங்கள். ரிங்குவுக்கு என்ன கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அந்த மட்டத்துக்கு அன்றைக்கு இருந்த தொடக்கச் சம்பளத்தைச் சொல்கிறேன். ரூக்கியில் மாதம் 1,100 டாலர், கீழ் ஏ-யில் 1,250 டாலர். அதுவும் சீசன் நடக்கிற மாதங்களுக்கு மட்டும். சீசனுக்கு முந்தைய பயிற்சி மாதத்துக்குச் சம்பளம் கிடையாது, சீசன் முடிந்தால் கிடையாது. ஐந்து மாதம் ஆடினாலும் 6,250 டாலர். 2012-ல் அமெரிக்க அரசு தனி ஆளுக்கு வைத்திருந்த வறுமைக் கோடே 11,170 டாலர். அதே வருடம் மேஜர் லீகில் குறைந்தபட்சச் சம்பளம் 4,80,000 டாலர். டாலரில் வாங்குகிறான் என்று நம் ஊரில் பேசுவோம், அந்த ஊரில் அது ஏழையின் சம்பளம். சார்ல்ஸ்டனிலிருந்து நியூ ஜெர்சி வரைக்கும், ஜார்ஜியா வரைக்கும் பஸ், ராத்திரிப் பயணம், விடிந்தால் ஆட்டம், ஒரு சீசனுக்கு 140 ஆட்டம் கிட்ட. ரிங்குவிடம் பரிசுப் பணமாவது இருந்தது. கூட ஆடிய பல பேர் ஒரே வீட்டில் ஐந்தாறு பேராக, தரையில் மெத்தை போட்டுப் படுத்துச் சமாளித்தார்கள்.

2014-ல் முன்னாள் மைனர் லீக் வீரர்கள் சிலர் சேர்ந்து, எங்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூட இல்லை என்று வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞரே மைனர் லீகில் பிட்சராக இருந்து, விட்டுவிட்டுச் சட்டம் படித்தவர். அது நடந்துகொண்டிருக்கும்போதே 2018-ல் ஒரு பெரிய செலவு மசோதாவுக்குள் இந்த வீரர்களைக் கூலிச் சட்டத்திலிருந்து விலக்கி ஒரு பகுதியைச் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் வீரர்கள் விடவில்லை, 2022-ல் 18.5 கோடி டாலருக்கு வழக்குச் சமரசமானது, அதே வருடம் சங்கத்தில் சேர்ந்தார்கள், 2023-ல் முதல் ஒப்பந்தம் வந்தது. அதன்படி 2023-ல் கீழ் ஏ அணி வீரனுக்கு வருடத்துக்கு 26,200 டாலர். ரிங்கு எறிந்த காலத்துக்கு இது வந்து சேரவில்லை.

பிறகு முழங்கை. 2012-க்குப் பிறகு அவர் ஓர் அதிகாரபூர்வ ஆட்டத்திலும் எறியவில்லை. காயம் மேல் காயம். டாமி ஜான் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1974-ல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் என்பவர் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்ததால் அந்தப் பெயர். முழங்கையின் உள்பக்கம் எலும்பையும் எலும்பையும் பிடித்துவைக்கிற நார் அறுந்துவிட்டால், உடம்பில் வேறு இடத்திலிருந்து, பெரும்பாலும் முன்கையிலிருந்து, ஒரு தசைநாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, உள்ளே கோத்துக் கட்டுவார்கள். திரும்ப எறிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். சிலர் முன்பைவிட வேகமாக வருவார்கள், சிலருக்குக் கை வரவே வராது. ரிங்கு காத்திருந்தார். ஒரு சீசன் இல்லை, அடுத்த சீசனும், அதற்கடுத்ததும். படம் வெளிவந்து உலகமே அவரைக் கைதட்டிய 2014-ல் அவரால் ஓர் ஆட்டத்திலும் எறிய முடியவில்லை.

எனக்கு இந்தக் காயம் நன்றாகத் தெரியும், ஏனென்றால் ஈட்டிக்காரனுக்கும் அதே நார்தான் போகும். பல வருடம் முன்னால் என்னிடம் ஒரு பையன் இருந்தான், மாநில அளவில் இரண்டாவது வந்தவன், மூங்கில் ஈட்டியில் பழகிய கை. வெளியூர் விடுதி ஒன்றில் சேர்ந்து பயிற்சிக்குப் போனான். அங்கே வலிக்கிறது என்று சொன்னால் எறியாமல் இருக்கச் சொல்ல ஆள் இல்லை. ஒன்றரை வருடத்தில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வந்தான். பேருந்து நிறுத்தத்திலேயே ஒருவர், என்னப்பா தோத்துட்டு வந்துட்டியா என்றார். அவர் கெட்ட மனதோடு கேட்கவில்லை, வேறு வார்த்தை அவருக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பையன் மைதானம் இருக்கிற தெருப்பக்கமே வரவில்லை. இன்றைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக நன்றாக இருக்கிறான், பிள்ளைகள் இருக்கிறார்கள். பார்த்தால் அன்பாகப் பேசுவான். ஈட்டியைப் பற்றி மட்டும் பேச மாட்டான். அவன் வாங்கிய சான்றிதழின் நகல் இன்னும் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கை அறுந்ததைத் தோல்வி என்று சொல்லாதீர்கள் ஐயா. நீரஜுக்கும் 2019-ல் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது, ஒரு சீசனே போனது. அவருக்குக் கை திரும்பி வந்தது. அவர் உழைத்தார், நல்ல மருத்துவமும் கிடைத்தது, அதிர்ஷ்டமும் இருந்தது. திரும்பி வராதவன் உழைக்காதவன் இல்லை.

மேஜர் லீகைத் தொடவில்லையே, அதனால்தான் தோல்வி என்று எழுதினோம் என்று நீங்கள் சொல்லலாம். அதற்கு இன்னொரு பைரேட்ஸ் வீரரைக் காட்டுகிறேன். ரிங்குவை எடுத்த அதே 2008-ல் அதே அணி தென்னாப்பிரிக்காவிலிருந்து கிஃப்ட் ங்கோபே என்கிற பையனையும் எடுத்தது. ராண்ட்பர்க் நகரில் ஒரு பேஸ்பால் கிளப்பில் அவருடைய அம்மா வேலை செய்தார், அந்தக் கிளப் கட்டடத்திலேயே ஓர் அறையில்தான் குடியிருந்தார்கள். பைரேட்ஸ் அப்போது 1993-லிருந்து வருடா வருடம் தோற்றுக்கொண்டிருந்த அணி, மற்றவர்கள் பார்க்காத நாடுகளில் ஆள் தேடியது. ங்கோபே அதே ஏணியில் எட்டு வருடத்துக்கு மேல் ஏறி, 2017 ஏப்ரல் 26 அன்று மேஜர் லீகில் இறங்கினார். ஆப்பிரிக்கக் கண்டத்தில் பிறந்து மேஜர் லீகில் ஆடிய முதல் ஆள், முதல் முறை மட்டை பிடித்தபோதே ஜான் லெஸ்டர் என்ற பெரிய பிட்சரை அடித்து முதல் தளத்துக்கு ஓடினார். மொத்தம் அவர் ஆடிய மேஜர் லீக் ஆட்டங்கள் 41. அவ்வளவுதான். எட்டு வருடம் ஏறி 41 ஆட்டம். சின்ன வயதிலிருந்து பேஸ்பால் மைதானத்திலேயே வளர்ந்தவருக்கே அது அவ்வளவு என்றால், பத்தொன்பது வயதில் பந்தை முதலில் தொட்டவர் முழு சீசன் ஆடி 3.00 எடுத்ததை எந்தத் தட்டில் வைப்பீர்கள்?

இன்னொரு விஷயம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ரிங்கு ஆடிய இடங்களைப் போய்ப் பார்க்கலாம் என்றால், அந்த அமைப்பே கலைந்துவிட்டது. 2020 சீசனுக்குப் பிறகு மேஜர் லீக் நிர்வாகம் 160 அணிகளை 120 ஆகக் குறைத்தது. ஸ்டேட் காலேஜ் ஆடிய நியூயார்க்–பென் லீக் 1939-லிருந்து இருந்தது, அது இல்லாமல் போனது. சார்ல்ஸ்டன் அணியும் பெரிய அணிகளின் தொடர்பை இழந்து தனி லீகுக்குப் போய்விட்டது, பெயர்கூட மாறிவிட்டது. ஃபுளோரிடா ரூக்கி லீகின் பெயரும் மாறிவிட்டது. சின்ன ஊர்களில் சாயங்காலம் குடும்பத்தோடு போய் உட்கார்ந்து பார்த்த ஆட்டங்கள் அவை. அந்த ஊர்க்காரர்கள் சிலருக்காவது, பெரிய உருவத்தோடு ஓர் இந்தியப் பையன் இடது கையில் எறிந்தது ஞாபகம் இருக்கும்.

மல்யுத்தத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அதை நீங்களே எழுதிவிட்டீர்கள். 2018-ல் டபிள்யூ.டபிள்யூ.ஈ.-யில் சேர்ந்தார், 2022-ல் வீர் மகான் என்ற பெயரில் நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு டிவியில் வந்தார், 2024-ல் அங்கிருந்தும் விலகினார். பிள்ளைகளுக்கு அதுதான் தெரிகிறது, அந்தப் படத்தைத்தான் நீங்களும் போட்டிருந்தீர்கள். பைரேட்ஸ் சட்டையில் அவர் பந்து எறிகிற படம் ஒன்றும் கிடைக்காமலா போயிருக்கும்?

என் வேண்டுகோள் சின்னதுதான். திருத்தம் போடச் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தைப் போடுங்கள். அந்தப் பெண் தினமும் உங்கள் பத்திரிகை பார்க்கிறாள், போன வாரம் 38 மீட்டர் எறிந்தாள், தோள் வலிக்கிறது என்று சொன்னதால் இரண்டு நாள் ஈட்டியைத் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் கேட்டதற்கு என் பதில் இது. இடம் போதாமல் சுருக்குவதாக இருந்தால் என் ஊர்க் கதையை வெட்டுங்கள், சம்பளக் கணக்கை வெட்டுங்கள், எனக்கு வருத்தமில்லை. 2012-ஐ மட்டும் வெட்டாதீர்கள். 39 ஆட்டம், 72 இன்னிங்ஸ், 3.00.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.